மழைக்காலத்தில் மசாய் மாரா: நாங்கள் திட்டம் போட்ட கதை

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆகஸ்டில் நீண்ட லீவு கிடைக்காது. கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாரா என்றாலே எல்லாரும் சொல்வது ஜூலை முதல் அக்டோபர் வரைதான். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் வகையின் மந்தைகள் கிளம்பி வந்து மாரா ஆற்றைக் கடப்பது அந்த மாதங்களில். எனக்கும் அக்காவுக்கும் சேர்ந்து கிடைப்பது கோடை விடுமுறை மட்டும்தான். கென்யாவிலோ மார்ச்சில் தொடங்கி மே வரை பெருமழைக் காலம், அதிலும் ஏப்ரல் உச்சம்.

"ஏன்டி, மழையில போய் என்னத்தப் பாக்கப் போறோம்?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் மாதக்கணக்கில் படித்தேன், பலரிடம் பேசினேன். அதில் புரிந்தது ஒன்று: மழைக்கால சஃபாரியில் மிருகத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மண், ரோடு, ஆறு, தங்கும் இடம், இந்த நான்கையும் சரியாக யோசித்துவிட்டால் போதும்.

முதலில் பணக்கணக்கு, ஏனென்றால் வீட்டில் எல்லாரையும் சம்மதிக்க வைத்தது அதுதான். 2024 முதல் மாராவுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். நாங்கள் நாலு பேர். நுழைவுக் கட்டணத்தில் மட்டுமே ஒரு நாளைக்கு 400 டாலர் மிச்சம். அந்த டிக்கெட்டும் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைக்குத்தான், கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். அதனால் எத்தனை ராத்திரி தங்குகிறோம் என்பதோடு எத்தனை பகல் டிக்கெட் வாங்குகிறோம் என்பதையும் எண்ண வேண்டும். லாட்ஜ் வாடகையும் மழைக்காலத்தில் நன்றாகக் குறைகிறது. சில கேம்ப்புகள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியே கிடக்கும் என்பதால் திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிச்சமான பணத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, பயணத்திலேயே போட வேண்டும் என்பது என் கருத்து. காரணம் மண்.

மாராவின் பெரும்பகுதி கரிசல். கோவில்பட்டி பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைக் கேட்டதுமே நிலைமை புரிந்துவிட்டது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, அதே மண்தான். டயரின் பள்ளங்களை அது அடைத்துவிட்டால் டயர் மொழுமொழுவென்று ஆகி வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். முக்கியமான பாதைகளில் செம்மண் சரளை கொட்டியிருப்பார்கள், அங்கே பிரச்சினை குறைவு. அதைவிட்டு ஒரு கிளைப் பாதையில் இறங்கினால் கரிசல்தான்.

முதலில் விலை கேட்ட ஒரு ஏஜென்ட், மேல்கூரை தூக்கும் வேனில் நைரோபியிலிருந்து ரோட்டு வழியாகக் கூட்டிப் போவதாகச் சொன்னார். விலை கவர்ச்சியாகத்தான் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியா என்று கேட்டதற்கு, "மே மாசத்துல மழை அவ்வளவா இருக்காது" என்று பதில் வந்தது. வண்டியைப் பற்றிக் கேட்டால் வானத்தைப் பற்றிச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. லேண்ட் குரூசர் மாதிரி வண்டி இல்லாமல் இந்த மாதங்களில் மாராவுக்குள் போகவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ரோடு விஷயம் இன்னும் கனமானது. நைரோபியிலிருந்து, மாரா போகும் வழியிலுள்ள நாரோக் ஊருக்குப் போகும் பாதை மாய் மாஹியு ஊர் வழியாகப் போகிறது. 2024 ஏப்ரல் 29 அதிகாலையில் அந்த ஊருக்கு மேலிருந்து திடீர் வெள்ளம் இறங்கி நாற்பது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதே வாரத்தில் மாராவுக்குள் தாலேக் ஆறு கரை புரண்டு, கரையோரக் கேம்ப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தங்கியிருந்தவர்களை ஹெலிகாப்டரிலும் வண்டியிலும் மீட்க வேண்டியதாயிற்று. எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு, ஆற்றைப் பார்த்த மாதிரி அழகான கூடாரம் என்று யார் படம் அனுப்பினாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: 2024-ல் தண்ணீர் இங்கே எதுவரை வந்தது? நேராகப் பதில் சொன்னவர்கள் இருந்தார்கள். பூசி மெழுகினவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்ததில் மிஞ்சிய திட்டம் இது. மே நடுவில் போவது, அதற்குள் மழை தணியத் தொடங்கிவிடும், விலையும் இன்னும் ஏறியிருக்காது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சின்ன விமானத்தில் போய், திரும்பவும் விமானத்திலேயே வருவது. தங்குவது மாரா ஆற்றுக்கு மேற்கே, மாரா முக்கோணம் என்கிற பகுதியில், மேட்டில் இருக்கும் ஒரு லாட்ஜில். அந்தப் பகுதியை 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்கிற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மழையிலும் பாதைகள் தாக்குப்பிடிக்கின்றன என்று போய்வந்தவர்கள் பலர் சொன்னார்கள், நாங்கள் பார்த்ததும் அப்படித்தான். சுற்றிப் பார்க்க லாட்ஜின் வண்டி, லாட்ஜின் வழிகாட்டி.

கென்யாவின் இன்னொரு பூங்காவான அம்போசலியும் என் ஆசைப் பட்டியலில் இருந்தது. கிளிமஞ்சாரோ பின்னால் நிற்க யானைகள் வரிசையாகப் போகும் அந்தப் படத்தை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மழை பெய்துவிட்டால் யானைகளுக்கு எங்கே போனாலும் தண்ணீரும் புல்லும் கிடைக்கும், பூங்காவின் சதுப்புகளையே நம்பியிருக்க வேண்டியதில்லை. நிறைய கூட்டங்கள் வெளியே பரவிவிடும். மலையும் பாதி நேரம் மேகத்துக்குள் இருக்கும். அதை விட்டுவிட்டோம். நகுரு ஏரிக்கும் ஃபிளமிங்கோ பறவைகளை நம்பிப் போக வேண்டாம். 2010 வாக்கிலிருந்து ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து உப்பு நீர்த்துப்போய்விட்டது. அவை தின்னும் பாசி அதனால் குறைந்து, பறவைகளில் பெரும்பகுதி பொகோரியா ஏரிக்குப் போய்விட்டன. ஏரி முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரியும் படங்கள் பழசு. காண்டாமிருகம் பார்க்க வேண்டுமென்றால் நகுரு இன்றைக்கும் நல்ல இடம். நாங்கள் எல்லா நாளையும் மாராவுக்கே கொடுத்தோம். மழைக்காலத்தில் இடம் மாறுகிற ஒவ்வொரு நாளும் சேற்றில் போகிற நாள்.

காகித வேலை அப்புறம். இந்தியர்களுக்கு கென்யா இப்போது விசா கேட்பதில்லை, 2024 ஜனவரி முதல் இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும், ஏறத்தாழ 30 டாலர். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன, முகவரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா அதைக் கேட்பதில்லை. கென்யாவிலிருந்து திரும்பும்போது கேட்பது நம் நாடு. ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். அத்தானுக்கு 60 தாண்டிவிட்டது, அந்த வயதில் இந்த ஊசியின் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் போட்டோம். மலேரியாவுக்கும் அந்த டாக்டரே மாத்திரை எழுதிக் கொடுத்தார். டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பி நாலு வாரம் தொடர வேண்டும். மழைக்காலத்தில் கொசு அதிகம், இதில் சோம்பல் கூடாது.

சாமான் கட்டுவதில் இரண்டு விஷயம். சின்ன விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், கேமரா பையும் அதில் சேர்த்தி, பையும் துணிப்பையாக இருக்க வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்றமாட்டார்கள். அடுத்தது பாலிதீன். மழை என்றதும் எல்லாவற்றையும் கவரில் போட்டுச் சுற்றுவதுதான் நம் பழக்கம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பாலிதீன் கவருக்குத் தடை, பூங்காக்களுக்குள் பெட் பாட்டிலுக்கும் 2020 முதல் தடை. நீர் புகாத ட்ரை பேக் வாங்கிக்கொண்டோம். கேமராவை வண்டி விளிம்பில் வைத்துப் பிடிக்க ஒரு வெறும் துணிப்பையைத் தைத்து எடுத்துப் போனேன். லாட்ஜ் சமையலறையில் கேட்டு ராஜ்மா வாங்கி நிரப்பிக்கொண்டு, கிளம்பும்போது திருப்பிக் கொட்டிவிட்டேன். கடையில் விற்கும் எந்த ஸ்டாண்டும் அந்த அளவுக்கு உதவியிருக்காது.

அங்கே எப்படி இருந்தது? விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து மதியத்துக்கு மேல் மேகம் திரளும், சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும். காலை பெரும்பாலும் தெளிவாகவே விடிந்தது. அதனால் விடியுமுன் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டோம். வண்டி பக்கவாட்டில் திறந்தது, மழை வந்தால் கான்வாஸை இறக்கிவிடுவார்கள்.

புல் இடுப்பளவு நின்றது. புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கம் பத்தடியில் இருந்தாலும் தெரியாது, உண்மைதான். ஆனால் ராத்திரி மழை பெய்த மறுநாள் காலையில் ஈரப்புல் பிடிக்காமல் அவை பாதைக்கு வந்துவிடுகின்றன. இரண்டு பெண் சிங்கங்களும் குட்டிகளும் எங்கள் முன்னால் பாதையின் நடுவிலேயே நடந்தன. ஒரு குட்டி ஒவ்வொரு சேற்றுக் குட்டையிலும் நின்று காலை உதறிவிட்டு, தாயைப் பிடிக்க ஓடியது. பின்னாலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம், வேறு ஒரு வண்டி வரவில்லை. சீசனில் இதே காட்சியைச் சுற்றி இருபது முப்பது வண்டி நின்றிருக்கும் என்றார் வழிகாட்டி. ஆற்றைக் கடக்கும் மந்தை எங்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காது என்று தெரிந்தேதான் போனோம்.

பறவை பார்ப்பவர்கள் இந்த மாதங்களை விடவே கூடாது. ஜாக்சன்ஸ் விடோபேர்ட் என்று ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கன்னங்கரேலென்று நீண்டு வளைந்த வாலோடு இருக்கும். புல்லில் தனக்கென்று ஒரு வட்டத்தை மிதித்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து பந்து மாதிரி எகிறி எகிறிக் குதிக்கும். ஒரு சரிவு முழுக்க இப்படிக் குதித்துக்கொண்டிருந்தன. அக்கா பைனாகுலரை யாருக்கும் தரவில்லை.

வண்டி ஒரு முறை மாட்டவும் செய்தது. ஓடை மாதிரி ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது பின்சக்கரம் இறங்கிவிட்டது. வழிகாட்டி சுற்றும் முற்றும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார், எங்களை இறங்கவிடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கடியில் கல் அடுக்கிப் பார்த்தார். முடியவில்லை என்றதும் ரேடியோவில் சொல்லி இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது. ரேடியோ வேலை செய்கிறதா, அவசரத்துக்கு வர இன்னொரு வண்டி இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் யாருக்கும் பதற்றம் இல்லை.

கடைசி நாள் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாராவிலிருந்து வந்து அன்றைக்கே மும்பை விமானம் பிடிக்கலாம் என்று எல்லா ஏஜென்ட்டும் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நான் நைரோபியில் ஒரு ராத்திரி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கிளம்பும் நாளில் எங்கள் ஓடுதளம் நனைந்துபோய் விமானம் இறங்க முடியவில்லை. வேறு ஓடுதளத்துக்கு வண்டியில் கூட்டிப் போனார்கள், அங்கேயும் காத்திருந்து வில்சனில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து நைரோபி நெரிசலில் பெரிய விமான நிலையம் போய்ச் சேர இன்னும் நேரமாகியிருக்கும். நாங்கள் அறைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தோம். மறுநாள் மும்பையில் இறங்கியதும் சுகாதார மேசையில் முதலில் கேட்டது மஞ்சள் அட்டையைத்தான். அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.