புறநகர் என்றால் சலிப்பு என்று யார் சொன்னது?

புறநகரில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய இளையோர் நாவல்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான்: எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒன்றும் நடக்காது, எப்போதடா பள்ளி முடியும் நகரத்துக்கு ஓடுவோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அது வளர்ந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் படுகிற எரிச்சல். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே உண்மையான பிரச்சினை தூரம். வண்டி ஓட்ட வயதாகவில்லை, பஸ் எப்போதாவதுதான் வரும், தோழி வீட்டுக்குப் போகவும் பெரியவர் யாராவது மனது வைக்க வேண்டும். நடந்தும் சைக்கிளிலும் எட்டுகிற தெருக்கள்தான் அதன் உலகம், அந்த அளவைப் பிடித்துவிட்ட கதைதான் மனதில் நிற்கிறது.

எழுத்தாளரும் ஓவியருமான ஷான் டானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த்தின் புறநகரில் வளர்ந்தவர். 2008-ல் வந்த அவருடைய ‘டேல்ஸ் ஃப்ரம் அவுட்டர் சபர்பியா’ தொகுப்பில் ஒரு கதை, அண்ணன் தம்பி இரண்டு பேர், வீட்டில் ஒரு தெரு வரைபடப் புத்தகம், அதன் கடைசிப் பக்கத்தில் சாலைகள் எல்லாம் தாளின் ஓரத்தோடு அறுந்து நிற்கின்றன. அதற்கு அப்பால் ஊர் இருக்கிறதா, அங்கேயே முடிந்துவிடுகிறதா என்று இரண்டு பேருக்கும் சண்டை, பந்தயம் வேறு. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்புகிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், படங்களோடு படிக்க வேண்டியது. ஆனால் அந்தச் சண்டை இருக்கிறதே, அந்த வயதில் தெருக்கோடிதான் உலகத்தின் விளிம்பு என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறு கதையை நான் படித்ததில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூமின் 1970-ம் வருட நாவல் ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’, மார்கரெட் என்ற சிறுமியின் கதை, அதில் வேறு ஒன்று பிடிக்கும். நியூயார்க்கிலிருந்து நியூ ஜெர்சியின் புறநகருக்குக் குடிவந்த குடும்பம். புல்வெளி என்ற ஒன்றையே பராமரித்துப் பழக்கமில்லாத அப்பா, புல்வெட்டும் இயந்திரத்தில் கையை விட்டுக் காயப்படுத்திக்கொள்கிறார். மகள் புதிய தோழிகளின் கூட்டத்தில் சேரத் தவிப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது, பெரியவர்களுக்கும் அந்த இடம் புதிதுதான் என்று பிள்ளை கண்ணெதிரே பார்க்கிறது.

இப்போது எழுதுகிறவர்கள் போனை வைத்துக் கதையை நகர்த்துகிறார்கள், தவறில்லை. ஆனால் நண்பர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருக்கும் படம் உடனே போனுக்கு வந்துவிடும், அங்கே போய்ச்சேர மட்டும் வழியிருக்காது. அந்த ஒரு மாலை நேரத்தை மட்டும் வைத்து யாராவது ஒரு நாவல் எழுதுங்களேன், முதல் ஆளாகப் படிக்க நான் தயார்.