முதல் நோக்கம்

நவம்பர் 17

1875ஆம் ஆண்டு இதே நாளில் நியூயார்க்கில் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) தலைவராக ஆல்காட் தம் தொடக்க உரையை நிகழ்த்தினார். சபையை அவரோடு சேர்ந்து நிறுவிய ப்ளவாட்ஸ்கி அம்மையாரும் அவரும் பின்னர் இந்தியா வந்தார்கள். 1882இல் சபையின் தலைமையகம் சென்னை அடையாறுக்கு மாறியது. சபையின் மூன்று நோக்கங்களை இன்று மீண்டும் படித்தேன். இனம், சமயம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடு பாராத உலக சகோதரத்துவத்துக்கு ஒரு கருவாக அமைவது முதல் நோக்கம். சமயங்களையும் தத்துவத்தையும் அறிவியலையும் ஒப்பிட்டுப் பயில்வது இரண்டாவது. இயற்கையின் விளக்கப்படாத விதிகளையும் மனிதனுள் மறைந்துள்ள ஆற்றல்களையும் ஆராய்வது மூன்றாவது. சூக்கும உடலையும் மறைஞானத்தையும் பற்றி விடியும்வரை பேசக்கூடியவர்களை நான் அறிவேன். முதல் நோக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அதுதான் எல்லாருக்கும் தெரியுமே என்று கடந்துவிடுகிறார்கள். மற்ற இரண்டையும் உரசிப் பார்க்கும் உரைகல் அதுவே என்பது என் எண்ணம்.

நவம்பர் 19

மருத்துவமனையில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, "நான் என்ன பாவம் செய்தேனோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வந்தவர், "எல்லாம் கர்மவினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்றார். ஆறுதலாக எண்ணித்தான் சொன்னார். கேட்டதும் அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கர்ம நியதியை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அது என் வினையை நான் ஆராய்வதற்கான விதியே அன்றி, அடுத்தவர் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை அன்று. 1889இல் வெளிவந்த 'மௌனத்தின் குரல்' நூலில் ப்ளவாட்ஸ்கி, இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில் செயலற்று இருப்பதே கொடிய பாவமாகும் என்கிறார். ஒருவருடைய துன்பம் அவருடைய வினையின் பயன் என்றால், அத்துன்பத்தின் அருகே நான் நிற்க நேர்ந்ததும் என் வினையின் பயன்தானே. அங்கே நான் செய்வதும் செய்யாமல் விடுவதும் புதிய வினையாகாமல் எங்கே போகும்?

நவம்பர் 20

காலைத் தியானத்தில் மனம் நிலைகொள்ளவில்லை. அந்த அம்மாளின் முகமே வந்துகொண்டிருந்தது. அதை விலக்க நான் முயலவில்லை.

நவம்பர் 23

ஆன்மா பல பிறவிகளில் படிப்படியாக மலர்கிறது என்ற கருத்து எனக்குப் பொறுமையைத் தந்திருக்கிறது. அதே கருத்து, யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று அளக்கும் ஆசையையும் தூண்டுகிறது. இன்னார் முதிர்ந்த ஆன்மா, இன்னார் இளைய ஆன்மா என்று பேசத் தொடங்கிய இடத்தில் சகோதரத்துவம் வெறும் சொல்லாகிவிடுகிறது. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் நகரில், தமக்காகவே அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கலைத்த ஜே.கிருஷ்ணமூர்த்தி, உண்மை பாதையற்ற நிலம் என்றார். அவரை உலக குருவாக அறிவித்திருந்த அன்னி பெசன்ட் அம்மையார்தான் அப்போதும் சபையின் தலைவர். சபையோ 1924இலேயே, ப்ளவாட்ஸ்கி உட்பட எந்த ஆசிரியரின் கருத்தும் உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்மானம் இயற்றியிருந்தது. படிகள் உண்டு என்பவரும் பாதையே இல்லை என்பவரும் ஒரே அவையில் அமர இத்தீர்மானம் இடம் தருகிறது. நான் படிகளை நம்பும் பக்கத்திலேயே இருக்கிறேன். ஆனால் பிறருடைய படியைப் பற்றி எவர் கேட்டாலும் இனி நான் விடை சொல்லப்போவதில்லை.