பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்த நாள்

போன ஆடியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் எனக்கு 38 என்று வந்தது. சிறுநீரக நோயில் 3பி நிலை என்றார் டாக்டர். பதினைந்து வருடச் சர்க்கரை செய்த வேலை. கால் வீங்குவதை, வகுப்பில் நின்றுகொண்டே இருப்பதால் வருவது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உணவு ஆலோசகர் மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொன்னார். கடலூர்க்காரிக்குக் கருவாட்டை விடுவது எவ்வளவு கஷ்டம்! ஆனாலும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் அதற்குள் நிறுத்தியிருந்தேன். அவர் பேனா வேறு இரண்டு இடத்தில் நின்றது. பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமை வாங்கி வரும் சிக்கன் சாசேஜ், சாயங்காலம் நான் குடிக்கும் பாக்கெட் சோள சூப்.

"இது ரெண்டும் கருவாட்டுக்குக் கொறைஞ்சது இல்லம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாசேஜ் பாக்கெட்டைத் திருப்பினேன். 100 கிராமுக்குச் சோடியம் 860 மில்லிகிராம். எனக்கு ஒரு நாள் முழுவதற்குமே 2000-க்குள்தான். உப்புக் கணக்கில் 5 கிராம், குழம்பு ரசம் எல்லாம் சேர்த்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 451, 452 என்று எண்கள். அவை பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்புகளாம், கறி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மெத்தென்று இருப்பதற்காகச் சேர்ப்பது. சோளத்திலும் பருப்பிலும் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பங்கைத்தான் உடம்பு எடுக்கும். இப்படிச் சேர்த்ததையோ ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொள்ளும். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கி எலும்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும். எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று அந்தப் பாக்கெட்டில் எங்குமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து ஒரு தப்பு செய்தேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் பார்த்து வாங்கிவிட்டேன். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. அடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் பொட்டாசியம் 5.6 என்று ஏறியிருந்தது. டாக்டர் கோபப்பட்டது நியாயம்தான். அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நம்மைப் போன்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடவே வேண்டாம்.

இப்போது கொத்துக்கறி வாங்கிச் சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு வைத்து அரைத்துக் கோலா உருண்டை செய்கிறேன். உப்பு ஒரு சிட்டிகை. ஒரு வேளைக்குக் கறி 60 கிராம், சமையல் தராசில் நிறுத்துத்தான் போடுவேன். முதல் இரண்டு வாரம் சப்பென்று இருந்தது, பிறகு மிளகின் ருசியே தனியாகத் தெரிய ஆரம்பித்தது. சோளமணி அரை கப், நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் கொஞ்சம் இறங்கட்டும் என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் கடலூர் சில்வர் பீச்சில் சுட்ட சோளத்தின்மேல் எலுமிச்சை மூடியை உப்பு மிளகாய்த்தூளில் தோய்த்துத் தேய்ப்பார்கள். இப்போதெல்லாம், "அக்கா, உப்புல படாத மூடி ஒண்ணு வெட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, பாதிக் கதிரை மகனிடம் உடைத்துக் கொடுத்துவிடுகிறேன்.