டீ ரூமுக்குள் வந்த பீப்பாய்

இங்கிலாந்துக் கிராமங்களில் சில பப்புகளுக்குள் நுழைந்தால் பப் போலவே தோன்றாது. தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல், நாலைந்து மேசை, சுவரோரம் பீங்கான் கோப்பைக்கென்று செய்த அலமாரி. முன்பு அது டீ ரூம்.

பப் பூட்டிக் கிடந்த நேரத்தில்தான் டீ ரூம் பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம். முதல் உலகப்போரில், ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கக் கூடாதென்று பிற்பகலில் பப்புகளை மூடவைத்தார்கள். போர் முடிந்தும் 1988 வரை அந்த விதி போகவில்லை. மூன்று மணிவாக்கில் மூடினால் ஐந்தரைக்குத்தான் திறப்பு. நடுவில் வந்துசேரும் சைக்கிள்காரருக்கு ஸ்கோன் என்ற சிறு பன்னும் டீயும்தான் கதி. (அந்த டீயில் இலங்கை மலையகத் தமிழர் கொய்த கொழுந்தும் உண்டு.) பப் நாள் முழுக்கத் திறந்ததும் அந்த நான்கு மணி வியாபாரத்துக்குப் போட்டி வந்துவிட்டது.

அடுத்த திருப்பம் 2005 நவம்பர். மதுபான உரிமம் மாஜிஸ்திரேட்டிடமிருந்து உள்ளாட்சி மன்றத்துக்குக் கைமாறியது. 'ஊரில் பப் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?' என்ற ஆட்சேபம் இனி எடுபடாது. கென்ட் பகுதியின் ஹெர்ன் கிராமத்தில் மார்ட்டின் ஹில்லியர் ஒரு பழைய கசாப்புக் கடையை அந்த ஆண்டே 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' ஆக்கினார். மைக்ரோ பப் என்ற, சின்னக் கடையளவே உள்ள பப் வகை அங்கே தொடங்கியது. காலியான சின்னக் கடைகள் பல அதன்பின் அந்த வழியில் போயின. டீ ரூமும் பப்பும் வேறுவேறு கட்டடப் பயன்பாட்டு வகை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதியும் வேண்டும். டீ ரூம் வாசலில் வெளிர்நீலத் தாள் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள்: மது உரிமம் கேட்கிறார்கள் என்றால் அந்த அறிவிப்பு 28 நாள் இருந்தாக வேண்டும்.

பலகையை மாற்றுவது சுலபம், பீரைக் காப்பதுதான் பாடு. பல டீ ரூம்களில் நிலவறை கிடையாது. பின்னறையைத் தடுத்து 11 முதல் 13 டிகிரியில் குளிரவைத்து, பீப்பாயைக் கிடத்தி, குழாயிலிருந்து நேராகக் கண்ணாடிக் குவளையில் பிடிக்கிறார்கள். பீப்பாய்க்குள் நொதித்தல் நின்றிருக்காது. மேல்துளையில் வாயு கசியும் மென்மர ஆப்பு செருகி, மண்டி அடியில் படியும்வரை அசைக்காமல் விடவேண்டும். பொங்கல் அடங்கியபின் கெட்டி ஆப்பு. விற்கும்போது கழற்றிய அதை இரவு கடை கட்டும்போது செருக மறந்தால் மறுநாள் பீர் உயிரில்லாமல் சப்பென்று இருக்கும். பரிமாறத் தொடங்கினால் உள்ளே காற்று புகும், மூன்று நாளில் புளிப்பு தட்டும். வழக்கமான பீப்பாய் 9 காலன், ஏறக்குறைய 41 லிட்டர், அதாவது 72 பைன்ட் (பைன்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்றே கூடிய அளவு). மண்டியைக் கழிக்காமல் பார்த்தாலும் நாளுக்கு 24 பைன்ட் போகவேண்டும். இருபது பேர் உட்காரும் அறையில் ஆறு பீப்பாய் திறந்திருந்தால் சந்தேகப்படுங்கள். 'இது எப்போது திறந்தது?' என்று கேட்கலாம், கோபிக்க மாட்டார்கள்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைக் கலப்பது வழக்கம். 'அன்ஃபைன்ட்', அதாவது அந்தப் பசை சேர்க்காதது, என்று கேட்டு வாங்குங்கள். கலங்கலாக வரலாம், கெட்டுப்போனதல்ல.