தேதி பார்க்கும் அப்பா

"நடப்பதில் உள்ள சிரமத்தை விவரிக்கவும்" என்று உதவித்தொகைப் படிவத்தில் இருந்ததை வாசித்தேன். "கொஞ்சம் மெதுவா நடப்பேன்னு எழுது, போதும்" என்றார் அப்பா.

எழுதவில்லை. "வாசல் வரைக்கும் போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கைபேசியில் நேரம் பார்த்தேன்.

கட்டிலிலிருந்து வாசல் 15 மீட்டர் இருக்கும். சாதாரணமாக நடப்பவருக்கு 12, 13 விநாடி வேலை. அப்பாவுக்குப் போகவே 2 நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை நின்றார். ஒருமுறை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. இன்னொரு முறை, சுவரில் கைவைத்து, காலண்டரில் தேதி பார்ப்பதுபோல.

அந்தக் காலண்டர் போன மாதத்திலேயே நிற்கிறது.

இத்தனை நாளும் அவர் தேதிதான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் பேனாவை எடுத்தேன். எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம், எங்கே நிற்கிறார், எதைப் பிடிக்கிறார், திரும்பி வந்து எவ்வளவு நேரம் படுக்கிறார், உடனே இன்னொரு நடை முடியுமா. படிவத்தைப் படிப்பவர் இந்தச் சுவரைப் பார்க்கப் போவதில்லையே. 'சிரமம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவர் எதை அளப்பார்?

நல்ல நாளை எழுதுவதா, மோசமான நாளை எழுதுவதா என்பதில் சின்னச் சண்டை. சரி என்று இரண்டையும் எழுதினோம், வாரத்தில் எது எத்தனை நாள் என்பதோடு.

முழுக்க வாசித்துக் காட்டினேன்.

"இவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

பதில் சொல்லாமல் காலண்டர் தாளைக் கிழிக்கப் போனேன். கிழிக்காமல் திரும்பிவிட்டேன்.