சாண்டோரினி: அஸ்தமனத்தை விட எரிமலைதான் அழகு

கிரீஸ் நாட்டுத் தீவான சாண்டோரினி என்றாலே வெள்ளை வீடு, நீலக் குவிமாடம், ஜோடியாக நின்று எடுத்த போட்டோ என்றுதான் ஆகிவிட்டது. நாங்களும் திருமண நாளுக்காகப் போன ஜோடிதான், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் ஈயா ஊரின் கோட்டை இடிபாடுகளில் அஸ்தமனம் பார்க்க, வெயில் தாழும் முன்பே முண்டியடித்து இடம் பிடிக்கிற கூட்டத்துக்கு நடுவே காதல் எங்கே வரும்? சூரியன் இறங்கியதும் கைதட்டல் வேறு.

எனக்குப் பிடித்தது அந்தத் தீவின் வயிறு. ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் உள்ளே நுழைகிறதே, அந்தக் கடலே எரிமலையின் வாய்தான். சுமார் 3600 வருடங்களுக்கு முன் வெடித்துச் சிதறி, நடுப்பகுதி அப்படியே உள்ளே சரிந்து, கடல் புகுந்துவிட்டது. சுற்றி நிற்கும் செங்குத்துப் பாறையில் கறுப்பு, சிவப்பு, மேலே வெளிறிய சாம்பல் என்று அடுக்கடுக்காகத் தெரியும். அதன் விளிம்பில்தான் இந்த ஓட்டல்கள் எல்லாம்.

அக்ரோதிரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வெடிப்பில் புதைந்துபோய், 1967இல் தொல்லியல் அறிஞர் ஸ்பைரிடான் மாரினாடோஸ் தோண்டத் தொடங்கிய பழைய ஊர். மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய், சாம்பலுக்குள் புதைந்து அப்படியே இருக்கின்றன. எரிமலையில் புதைந்த இத்தாலியின் பாம்பேய் நகரில் கிடைத்த மாதிரி மனித உடல்கள் இங்கே கிடைக்கவில்லை. முதலில் வந்த நிலநடுக்கத்திலேயே ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் நிலம் விடாமல் அதிர்ந்தபோதும் ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுப் போனார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொண்டே அந்தத் தெருக்களைப் பார்த்தேன். அங்கே கிடைத்த நீலக் குரங்கு ஓவியம் தீவின் தலைநகரான ஃபிராவில் உள்ள மியூசியத்தில் இருக்கிறது.

அப்புறம் திராட்சைத் தோட்டங்கள். பந்தலே கிடையாது. காற்றின் வேகம் தாங்காது என்று கொடியைத் தரையோடு தரையாகக் கூடை மாதிரி சுற்றி வளர்க்கிறார்கள், பழம் அதற்குள் பத்திரமாக இருக்கும். மழை குறைவு, கடலிலிருந்து வரும் ஈரத்தில்தான் பிழைப்பு. அசிர்ட்டிகோ என்ற வெள்ளை ஒயின் இதில்தான் வருகிறது, நல்ல புளிப்பு, மீனுக்குப் பொருத்தம்.

சரி, போகிறவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். விளிம்பில் ரூம் எடுத்துக் காசைக் கரைக்காமல் கறுப்பு மணல் கடற்கரை உள்ள பெரிஸாவில் தங்குங்கள். பழைய துறைமுகத்திலிருந்து ஃபிராவுக்கு ஏற கேபிள் கார் இருக்கிறது, பாவம், கழுதை மேல் ஏறாதீர்கள். 1950இல் கடைசியாக வெடித்த எரிமலைத் தீவான நியா கமேனிக்குப் படகில் போனால் செருப்பு உதவாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.