உவேனோவில் இறங்கிய பிள்ளைகள்

ராத்திரி தூக்கம் வராம மறுபடி ஜப்பானியப் பழைய பாட்டுகள்ல போய் விழுந்தேன். 'ஆ, உவேனோ ஸ்டேஷன்'. 1964ல இசாவா ஹாச்சிரோ பாடினது.

அந்தக் காலத்துல வடகிழக்கு ஜப்பான் கிராமங்கள்ல நடுநிலைப்பள்ளி முடிச்ச உடனே, பதினஞ்சு வயசுப் பிள்ளைகளைக் கூட்டமா ரயிலேத்தி டோக்கியோவுக்கு வேலைக்கு அனுப்புவாங்க. பட்டறை, மளிகைக்கடை, சின்னச் சின்ன தொழிற்சாலை. 'தங்க முட்டைகள்'னு அவங்களுக்குப் பேரு. முட்டைக்கு அதுல என்ன சந்தோஷமோ! அந்த ரயில்கள் வந்து நின்ன இடம்தான் உவேனோ. அதனால ஊர் நினைப்பு வந்தா அந்த ஸ்டேஷன்தான் ஊரு. பாட்டும் அதைத்தான் சொல்லுது: உள்ளே வர்ற ரயில்ல எங்கேயோ ஊர் வாசனை ஒட்டியிருக்காம்.

கவிஞர் இஷிகாவா தகுபோகு 1910லயே இதை எழுதிட்டார். சொந்த ஊர்ப் பேச்சைக் காதால கேக்கணும்னே ஸ்டேஷன் கூட்டத்துக்குள்ள போறேன்னு.

ஆனா என்னைச் சாய்ச்சது 1977ல சென் மசாவோ பாடின 'வடநாட்டு வசந்தம்'. பட்டணத்துல இருக்கிறவனுக்குப் பருவம் மாறுறதே தெரியாதுன்னு அம்மா ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புறா. அண்ணன் அப்பா மாதிரியே வாய் திறக்காத ஆள். ரெண்டு பேரும் எப்பவாவது ஒண்ணா உக்காந்து குடிப்பாங்களான்னு தம்பி தூரத்துல இருந்து யோசிக்கிறான்.

அந்த ஒரு வரியை நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். மணி ரெண்டு.